‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

அவருக்கு வயது 41. காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். தந்தை அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. தாயும் மகளும் வாடகைக்கு இருந்த பின்கட்டுக்கு உரிமையாளர் ஓர் ஆசிரியை. கணவரை இழந்தவர், குழந்தை இல்லாதவர். தாயின் காரியம் முடிந்த மாலை அவர் பின்கட்டுக்கு வந்து, “பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வந்துவிடு” என்று மட்டும் சொன்னாராம். அதன்பின் 32 ஆண்டுகள். அவரைப் ‘பெரியம்மா’ என்று அழைத்து வளர்ந்து, படித்து, அவர் பார்த்த மாப்பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டு, இப்போது கணவர், இரண்டு குழந்தைகளோடு அதே வீட்டில் இருக்கிறார். பெரியம்மாவுக்கு வயது 73.

சென்ற மாதம் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைப் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இவர் பேனாவோடு நின்றிருக்கிறார். “ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும்” என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். ஆறு ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத கொழுந்தனார் மகன்கள் இருவரும் தகவல் கிடைத்து வந்து கையெழுத்துப் போட்டார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வராந்தாவில் வீட்டுப் பேச்சு தொடங்கியது. “உயில் எழுதினாலும் வெளியாளுக்குச் செல்லாது; கொள்ளி வைக்கப்போவது நாங்கள்தான்” என்கிறார்கள். பெரியம்மாவோ, “வீட்டை நாளைக்கே உன் பெயருக்கு எழுதிவிடுகிறேன்” என்கிறார். பத்திரம் எழுதுபவர் ஒருவர், “இப்போதே தத்துப் பத்திரம் போட்டுவிடலாம்” என்கிறார். குடும்ப அட்டையில் இவர் பெயர் ‘மகள்’ என்று இருக்கிறது. “எனக்கு ஏதாவது உரிமை உண்டா, அல்லது வீட்டுக்காகத்தான் பார்த்துக்கொண்டேன் என்ற பேச்சு வருமுன் ஒதுங்கிவிடலாமா?” என்பது கேள்வி.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் “நான் ரத்த சொந்தம் இல்லை” என்ற வரியைப் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். சட்டக் கேள்விகளுக்குப் போகும் முன் அந்த வரியிலேயே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு தம்பிகளும் பெரியம்மாவுக்கு ரத்த சொந்தமா? இல்லை. அவர்கள் அவருடைய கணவரின் தம்பி பிள்ளைகள். பெரியம்மாவின் உடம்பில் ஓடும் ரத்தத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவர்களைச் சொந்தமாக்கியது ஒரு திருமணம். அந்தத் திருமண வாழ்க்கை ஐந்து ஆண்டுகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவின் உண்மையான ரத்த சொந்தம் திருச்சியில் இருக்கும் அவருடைய தங்கை. உயில் இல்லாமல் பெரியம்மா காலமானால், சட்டத்தின் வரிசையில் அந்தத் தங்கை கொழுந்தனார் மகன்களுக்குப் பின்னால்தான் வருவார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வது இது. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லையென்றால்தான் பெற்றோருக்கு, அதற்கும் பிறகு தந்தையின் வாரிசுகளுக்கு. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு விதிவிலக்கு உண்டு. பெரியம்மாவின் வீடு அவர் தன் சம்பளத்தில் கடன் கட்டி வாங்கியது. அந்த விதிவிலக்கு இதற்குப் பொருந்தாது.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை எந்த வழக்கறிஞராலும் லேசாகக் கடந்துபோக முடியாது. திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட ஒரு பெண், தாய்வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், சொந்தமாகச் சேமித்தார். 1996இல் உயில் இல்லாமல் இறந்தார். அந்தச் சேமிப்பு அவரைப் படிக்கவைத்த தாய்வீட்டுக்குப் போகவில்லை. கணவரின் சகோதரி மகன்களுக்குப் போனது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களை, குறிப்பாக இந்துப் பெண்களை, உயில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டதற்குப் பின்னால் இந்த மாதிரி வழக்குகளின் வலி இருக்கிறது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சட்டம் ரத்தத்தைப் பார்க்கிறது என்ற எண்ணம் உங்கள் மனத்திலிருந்து முதலில் போக வேண்டும் என்பதே. கணவன் மனைவிக்குள் என்ன ரத்த உறவு இருக்கிறது? தத்துப் பிள்ளைக்கு என்ன ரத்த உறவு? சட்டம் கேட்பது ஒரு சடங்கை, ஒரு பதிவை, ஒரு கையெழுத்தை. உங்கள் இருவருக்கும் நடுவில் இல்லாமல்போனது அந்தத் தாள்தான். பெரியம்மா நினைவோடும் தெளிவோடும் இருக்கிறார். இப்போதும் அதை எழுத முடியும்.

இனி, நீங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றைத் திருத்தியாக வேண்டும். சில உங்களுக்கு வருத்தம் தரும்.

குடும்ப அட்டையும் தத்துப் பத்திரமும்

குடும்ப அட்டையில் ‘மகள்’ என்று இருப்பது உங்களை வாரிசாக்காது. பள்ளிச் சான்றிதழில் காப்பாளராக அவர் போட்ட கையெழுத்தும் ஆக்காது. 32 ஆண்டுகள் மகளாகவே வாழ்ந்ததும், சட்டத்தின் கண்ணில், வாரிசுரிமை தராது. நீங்கள் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது முறைப்படி தத்து எடுத்திருக்க வழி இருந்தது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, வழக்காறு இடம் தந்தாலொழிய, தத்துப்போகும் பிள்ளை 15 வயது நிறையாதவராகவும் திருமணமாகாதவராகவும் இருக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில், திருமணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தாயான உங்களைத் தத்தெடுத்ததாக எழுதும் பத்திரம் வெறும் தாள். பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பத்திரம் எழுதுபவர் எழுதித் தரலாம்; நீதிமன்றத்தில் முதல் கேள்விக்கே அது கிழிந்துபோகும். அதைவிட மோசம், பெரியம்மா உங்களுக்கென்று நேர்மையாக எழுதும் உயில்மீதும் அந்தப் பத்திரத்தின் நிழல் விழும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அதேபோல, பிற்காலத்தில் தாசில்தார் அலுவலகத்தில் ‘மகள்’ என்று சொல்லி வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பொய்யான உறுதிமொழி குற்றம்.

வீட்டை இப்போதே எழுதி வாங்கலாமா?

பெரியம்மா அன்பில் சொல்கிறார். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை இனாமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம், பதிவானதும் வீடு உங்களுடையது, அவருடையது இல்லை. எழுபத்துமூன்று வயதில் ஒரு பெண் தன் கூரையைக் கைமாற்றிவிட்டு, அடுத்தவர் நல்ல மனத்தை நம்பி வாழ வேண்டிய நிலை வரக்கூடாது. உங்கள் மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் அவருக்கு ஏதாவது ஆகும் என்றுதானே எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள்? விபத்து வயது பார்த்து வருவதில்லை. அவருக்கு முன் உங்களுக்கு ஒன்று நேர்ந்தால், வீடு உங்கள் கணவருக்கும் குழந்தைகளுக்கும் போய், பெரியம்மா தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி தருகிறது. ஆனால் அதற்காக அவர் ஒரு தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும்.

செலவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தப் பட்டியலில் வளர்ப்பு மகள் இல்லை. உங்களுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. அதோடு முடியாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து இனாமாக வரும் அசையாச் சொத்தின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டம் அதை உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்கும். உயிலின் மூலம் வரும் சொத்துக்கு இந்த வரி கிடையாது.

உயில்தான் வழி

“வெளியாளுக்கு உயில் செல்லாது” என்று தம்பிகள் சொன்னது தவறு. சுயசம்பாத்தியச் சொத்தை ஓர் இந்துப் பெண் யாருக்கு வேண்டுமானாலும் உயிலாக எழுதலாம்; அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. (இதைப் படிக்கும் இஸ்லாமிய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் தனிச்சட்டப்படி, வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுத முடியும்.)

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். அவர் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும், எதிர்ப்பு வரும் என்று இப்போதே தெரிவதால், பதிவு செய்யுங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மனம் மாறினால் பெரியம்மா எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசி உயில்தான் நிற்கும். உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையதே.

இந்த இடத்தில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இயல்பான வாரிசுகளைத் தவிர்த்து எழுதப்பட்ட உயிலை நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். பயன்பெறுபவரே முன்னின்று வழக்கறிஞரைப் பிடித்து, வாசகம் சொல்லி, சாட்சிகளைக் கூட்டிவந்து, பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கியிருந்தால் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று 1959 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. நான் நடத்திய வழக்கு ஒன்றில், சாட்சிக்கூண்டில் நின்ற ஓர் அண்ணனிடம் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: “உங்கள் அத்தை கையெழுத்துப் போடும்போது தாளைப் பிடித்துக்கொண்டது யார்?” அவர் உண்மையான மனிதர். “நான்தான், காற்றடித்தது” என்றார். அந்த ஒரு பதிலை நேராக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே பெரியம்மாவே தன் பழைய பள்ளித் தோழி மூலமாகவோ, வேறு யார் மூலமாகவோ ஒரு வழக்கறிஞரை வரவழைக்கட்டும். நீங்களும் உங்கள் கணவரும் அந்த நேரம் வீட்டிலேயே இருக்க வேண்டாம். சாட்சிகள் உங்கள் கணவர்வழி உறவாக இருக்கக்கூடாது. பெரியம்மாவைவிட வயதில் நன்றாக இளையவர்களாக, பிற்காலத்தில் கூண்டேறிச் சொல்லக்கூடியவர்களாக இருக்கட்டும். சாட்சிகளில் ஒருவராக அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் அமைந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால், சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று அன்றைய தேதியில் அவரிடம் ஒரு சான்று பெற்று உயிலோடு வைக்கலாம். கொழுந்தனார் மகன்கள், தங்கை ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு ஏன் எழுதவில்லை என்ற காரணத்தைப் பெரியம்மா தன் சொந்த வார்த்தையிலேயே இரண்டு வரி எழுத வேண்டும். உங்களை ‘மகள்’ என்று மட்டும் குறிப்பிடாமல், “இன்னாருக்குப் பிறந்து, ஒன்பது வயதுமுதல் என்னால் வளர்க்கப்பட்டவர்” என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பாயைச் சுருட்டச் சொன்ன அந்த மாலையை அவர் அதில் எழுத விரும்பினால், எழுதட்டும். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

வங்கிக் கணக்கில் உங்களை நாமினியாகப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் போதாது. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அதற்கு உரிமையாளர் வாரிசோ, உயிலில் சொல்லப்பட்டவரோதான். வைப்புத்தொகை விவரமும் உயிலில் இருக்க வேண்டும்.

மருத்துவமனைக் கவுன்டர்

உங்களை அதிகம் காயப்படுத்தியது வீட்டுப் பேச்சைவிட அந்தக் கவுன்டர் என்று எனக்குத் தோன்றியது. அங்கே உங்களிடம் கேட்டது சட்டம் கேட்காத ஒன்று. நினைவோடு இருக்கும் நோயாளிக்கு நடக்கும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தரவேண்டியவர் நோயாளிதான். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், மயக்கத்தில் இருந்த மகளுக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று சொல்லப்பட்டது. மகள் விழித்த பிறகு அவளிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பெரியம்மா அன்று முழு நினைவோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலே போதும். உயிர் போகும் அவசரம் என்றால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் மருத்துவர் சிகிச்சை தரலாம்.

நினைவு தப்பும் காலத்துக்கும் ஏற்பாடு செய்து வைக்கலாம். மீளமுடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேசுபவர் யார் என்று எழுதிவைக்கும் முன்மருத்துவ உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். காப்பாளராக உங்கள் பெயரை அவர் எழுதலாம். மனநலச் சிகிச்சைக்கு இன்னும் தெளிவு: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வயது வந்த எவரையும் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம், உறவாக இருக்கவேண்டியதில்லை. மறதிநோய் பற்றிய பயம் இருந்தால் இதையும் இப்போதே செய்யுங்கள். பவர் பத்திரம் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதிக்கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் பவர் முடிந்துவிடும், இறந்தாலும் முடிந்துவிடும்.

அடுத்த முறை அந்தக் கட்டத்தில் ‘வளர்ப்பு மகள்’ என்று எழுதுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கொள்ளி வைப்பவருக்கே சொத்தா?

இல்லை. இறுதிச் சடங்கைச் செய்வதற்கும் வாரிசுரிமைக்கும் சட்டத்தில் தொடர்பு கிடையாது. தம்பிகள் செய்ய விரும்பினால் செய்யட்டும். அதனால் உங்களுக்கு எழுதிய உயில் அசையாது. தன் காரியத்தை யார் செய்ய வேண்டும் என்று பெரியம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அதை இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைக்கட்டும்.

வாரிசு என்று உரிமை பேசுபவர்களுக்கு ஒரு செய்தியும் உண்டு. பிள்ளையில்லாத மூத்த குடிமகனின் சொத்து யாருக்கு வரப்போகிறதோ, அந்த உறவினருக்கு அவரைப் பராமரிக்கும் கடமையையும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு ஓய்வூதியம் வருவதால் அவர் ஜீவனாம்சம் கேட்டுப் போகவேண்டிய தேவை இல்லை. தம்பிகள் காதில் இது விழுவதில் தவறில்லை.

நீதிமன்றங்களின் பார்வையும் மாறிக்கொண்டு வருகிறது. கணவரின் முதல் திருமணத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு செவிலியரின் மகப்பேறு விடுப்பு வழக்கில், 2022இல், குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற ஒரே வடிவம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. நாமாகத் தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்தை 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுப் பேசியது. மனத்துக்குத் தெம்பு தரும் சொற்கள். ஆனால் இந்தத் தீர்ப்புகளால் வாரிசுரிமைச் சட்டத்தின் வரிசை மாறிவிடவில்லை. அவற்றை நம்பி உயிலைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒதுங்கிவிடலாமா?

ஊர் பேசும். ஒதுங்கினாலும், “காரியம் நடக்காது என்று தெரிந்ததும் போய்விட்டாள்” என்று பேசும். இடுப்பு எலும்பு கூடாத நிலையில், இரவு மூன்று மணிக்கு ஒரு குரலுக்கு எழுந்து வரும் ஒருவரைப் பெரியம்மா இழப்பார். அவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

வீட்டின்மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்று உங்களையே நீங்கள் குற்றவாளிபோல் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். வளர்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க ஆசைப்படுவது குற்றமா? பெற்ற மகள் ஆசைப்பட்டால் யாராவது கேள்வி கேட்பார்களா?

ஒன்று மட்டும் செய்யுங்கள். பெரியம்மாவிடம் உட்கார்ந்து, வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லாமல், அவருக்கு என்ன விருப்பம் என்று கேளுங்கள். திருச்சித் தங்கைக்கு ஒரு நகையோ கொஞ்சம் பணமோ கொடுக்க நினைக்கலாம். கொழுந்தனார் மகன்களுக்குக்கூட ஏதாவது தரத் தோன்றலாம். அவருடைய கணவரின் ரத்தம் அல்லவா அவர்கள். அவர் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும் தலையசையுங்கள். பிறகு வழக்கறிஞர் வரும் நாளை அவரே முடிவு செய்யட்டும். அன்று காலை அவருக்குக் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அவர் கூப்பிட்ட பிறகு திரும்பி வாருங்கள்.